கணினிக்குப் பொட்டு வைத்த நாள்

எங்கள் வீட்டுக் கணினி அன்று பூஜைப் பலகையில் உட்கார்ந்திருந்தது. சிபியு பெட்டியின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கவாட்டில் காற்றுப் போவதற்கென்று இருக்கும் ஓட்டைகளின் மேலும் தாராளமாக ஒரு பூச்சு. உச்சியில் சாமந்திச் சரம். இந்தப் பக்கம் தையல் மிஷின், அந்தப் பக்கம் அரிவாள்மனை. முன்னால் வாழையிலையில் பொரி, பொட்டுக்கடலை, சுண்டல்.

அலங்காரம் முழுவதும் சேகருடையது. சேகர் என் மனைவி கஸ்தூரியின் தம்பி. தேர்வாய் கண்டிகையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டிங் மிஷின் ஓட்டுகிறான். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஷிப்டு நாட்களில் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்வான். கம்பெனியில் பூஜை முடித்துப் பொரி மூட்டையும் இனிப்புப் பெட்டியுமாக வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நாள், கிழமை குறித்து வைப்பது என் வழக்கம் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அது எந்த வருஷத்து ஆயுத பூஜை என்று இங்கே எழுதப் போவதில்லை. தேதி போட்டால் கதை கல்வெட்டு மாதிரி ஆகிவிடுகிறது என்று கஸ்தூரி தடை போட்டிருக்கிறாள். வடகிழக்கு மழை இன்னும் பிடிக்கவில்லை, புழுக்கம் தாங்கவில்லை. அவ்வளவு போதும்.

ஒரு ஷாட்

தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும், இங்கே ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. தீபாவளி அதற்கு அடுத்தபடி. வருஷம் முழுக்க எண்ணெயும் தூசியுமாக நிற்கும் மிஷின்கள் அன்றைக்குக் குளித்து, சாயம் பூசி, கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். நான் வேலை பார்த்த உருக்காலையில் ராட்சத உருளைகளுக்குக்கூட மாலை போட ஏணி வைத்து ஏறுவார்கள்.

பூஜை முடிந்ததும் மாவிலையால் தீர்த்தம் தெளித்து, மிஷினை ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும். அது கட்டாயம். சேகரின் கம்பெனியில் இதற்கு ‘ஒரு ஷாட் எடுப்பது’ என்று பெயர். அச்சிலிருந்து ஒரே ஒரு உருப்படி விழும். அதற்குப் பொட்டு வைத்து வீட்டுக்கு எடுத்து வருவார்கள். சேகர் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வாளிக் கைப்பிடிகளாக அடுக்கியிருக்கும்.

அன்று நான் தெருவில் ஸ்கூட்டருக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மணிச் சத்தம் கேட்டது. பிறகு சேகரின் குரல்.

“பூஜை முடிஞ்சா ஒரு ஷாட் எடுத்துக் காட்டணும் மாமா. இல்லன்னா வருஷம் பூரா பேஜாரு.”

எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிவதற்குள் உள்ளே ‘டப்’ என்றது. மெயின் விழுந்து, மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கற்பூர வாசனையோடு இன்னொரு வாசனையும் வாசல் வரைக்கும் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பும் இன்னொரு கையில் மாவிலையுமாகச் சேகர் நின்றுகொண்டிருந்தான். கணினியின் உச்சியிலிருந்து தண்ணீர் சந்தனத்தில் கோடு போட்டபடி இறங்கிக்கொண்டிருந்தது. தெளித்ததா, ஊற்றியதா என்று நான் கேட்கவில்லை.

சமையலறையிலிருந்து கஸ்தூரி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“சாமி ஏத்துக்கினாரு போல” என்றாள்.

காற்றுக் குரல்

இதைக் கஸ்தூரி சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கழுத்தில் கட்டி வந்து சென்னையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து அவளுக்குக் காற்றுக் குரல்தான். சைக்கிள் டியூபிலிருந்து மெல்லக் காற்று இறங்குகிற மாதிரி. அதற்குள்ளேயே கிண்டல், கோபம், பேரம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஒரு வேடிக்கை. அவளிடம் பேசுகிறவர்கள் தாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காய்கறிக்காரர் வெண்டைக்காய் விலையை ராணுவ ரகசியம்போலச் சொல்வார். “எனக்குத் தொண்டைதான் போச்சு, காது நல்லாத்தான் கீது” என்று அவள் சொன்னால், “சரிக்கா” என்று அதையும் கிசுகிசுப்பாகச் சொல்வார்.

அதற்கு முன்பு அவள் குரல் வேறு. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நலங்குக்குப் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். நலங்குப் பாட்டு என்பது மாப்பிள்ளையையும் அவன் வீட்டாரையும் மானக்கேடாகக் கிண்டல் செய்வது. மைக் இல்லாமல் பாடி, பந்தலுக்கு வெளியே சீட்டு ஆடிக்கொண்டிருக்கும் சம்பந்தியைத் திரும்பிப் பார்க்க வைப்பாள்.

கட்டிக்குப் பக்கத்தில் குரல் நரம்பு ஓடுகிறது, அதைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று முதல் ஆஸ்பத்திரியில் சேர்கிற நாள் வரைக்கும், காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் அவள் ஒரு பாட்டுப் பாடுவாள். நான் போனில் பதிவு செய்வேன். பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன் அது. தமிழ்ப் பாட்டு, பாதித் தெலுங்கு கலந்த பாட்டு, வெளியே சொல்ல முடியாத சில பாட்டு.

அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்த தேதியையே பெயராக வைத்தேன். போன் பழசாகிப் போனதும் தெருவில் வந்த வியாபாரியிடம் கஸ்தூரி அதைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டாள். குடம் இன்றும் உழைக்கிறது.

குரல் போன பிறகு அந்தப் பாட்டுகளை அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் போடட்டுமா என்று கேட்டால், அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவாள்.

ஆனால் அந்த வருஷம் கேட்டாக வேண்டியிருந்தது. சேகரின் மகள் நந்தினிக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது முதல் பாட்டு அத்தையுடையது. அத்தை தொடங்காமல் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நந்தினி போனில் கேட்டுவிட்டாள், அத்தை குரல்தான் வேண்டும், பதிவில் இருப்பதைப் போட்டால் போதும் என்று. கஸ்தூரி வெகுநேரம் யோசித்து, சரி என்று தலையாட்டியிருந்தாள்.

இது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மணப்பெண்ணின் அப்பா தன் கையாலேயே தீர்த்தம் தெளித்துவிட்டான்.

சுவடிக்கு எண்ணெய்

பழைய நூல்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு செய்தி அடிக்கடி கண்ணில் படும். ஓலைச்சுவடி வைத்திருந்த வீடுகளில் சரஸ்வதி பூஜை வெறும் பூஜையாக இருந்ததில்லை. பரணிலிருந்து கட்டுகளை இறக்குவார்கள். பூச்சி அரித்ததா என்று பார்ப்பார்கள். தூசி தட்டி, எண்ணெய் தடவுவார்கள். ஏடு இற்றுப் போகிற நிலையில் இருந்தால் புது ஓலையில் படியெடுக்கச் சொல்வார்கள். படியெடுத்து முடித்த பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுகிற வழக்கமும் இருந்தது.

பூஜையில் அடுக்குவது ஒரு சாக்கு. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் காரியம் என்று நினைக்கிறேன். பொட்டும் பூவும் எங்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. படியெடுப்பது எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது.

இதைச் சேகரிடம் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “அதெல்லாம் சரி மாமா, இதைக் காய வைக்க இன்னா வழி?” என்றான்.

சொர்ணவாரி நெல்

வழி அவனே கண்டுபிடித்தான். தண்ணீரில் விழுந்த போனை அரிசிப் பானையில் போட்டு எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனுக்கு அரிசிப் பானை என்றால் இவ்வளவு பெரிய பெட்டிக்கு? அவர்களுக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுத்து வீட்டில் குவித்திருந்தது. மறுநாள் காலையில் நான் பால் வாங்கப் போன நேரத்தில், பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் நெல் குவியலுக்குள் புதைத்துவிட்டான்.

கேள்விப்பட்டபோது நானும் பெரிதாக மறுக்கவில்லை. உள்ளூர் பஜாரில் கணினிக் கடைக்காரர் விவரத்தைக் காதால் கேட்டே, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். வேறு வழி தெரியாதபோது நெல்லும் ஒரு வைத்தியமாகத் தோன்றியது.

வாரக் கடைசியில் சேகர் பெட்டியை எடுத்துவந்தான். நாங்கள் மூவரும் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ்ஸில் ஏறினோம். அங்கே ரயில் நிலையச் சாலையில், மாடியில், இந்த வேலைக்கென்றே ஒரு பெண் கடை வைத்திருப்பதாகச் சேகரின் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பெட்டி சேகரின் மடியில் இருந்தது. பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து கலகலவென்று சத்தம் வந்தது. முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, உண்டியலா என்று கேட்டார்.

மாடிக் கடை

அந்தப் பெண்ணின் பெயர் ரேவதி. ஊத்துக்கோட்டைக்காரர். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். வேலை செய்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே டீ குடிப்பார். சுவரில் தன் படத்தோடு ஒரு பாராட்டுச் சான்றிதழை மாட்டியிருந்தார். வந்தவர்கள் அதைப் படித்து முடித்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் மேஜை மேல் நெல் கொட்டியது. ரேவதி ஒரு மணியை எடுத்து நகத்தால் உரித்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார்.

“இன்னா நைனா, புது நெல்லா?” என்றார் சேகரைப் பார்த்து.

“ஆமா. சொர்ணவாரி. இப்பதான் அறுத்தோம்.”

“காய வச்சியா?”

சேகர் மேஜையில் கிடந்த நெல்லைக் கையால் ஒன்றாகக் கூட்டினான். அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் ரோட்டில் கொட்டிக் காலால் கிளறிக் காய வைக்கிறவன் அவன். ஈரம் போக வேண்டிய பெட்டியை ஈர நெல்லுக்குள் வைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் அவன் முகத்தில் ஏறியது.

“பாவம், அவன் மிஷின்னு நெனச்சிக் கும்புட்டான், அப்புறம் வெதைன்னு நெனச்சிப் பொதைச்சிட்டான்” என்றாள் கஸ்தூரி. ரேவதிக்குக் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். ரேவதி டீ சிந்தும்படி சிரித்தார்.

பிறகு கை கழுவிக்கொண்டு கேட்டார். “உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா? ரெண்டையும் சேத்துக் கேக்காதீங்க.”

உள்ளே இருப்பது, என்றேன். எது முக்கியம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் சொன்னான்.

“எங்க அக்கா குரல் மேடம். அது ஒன்னுதான் கீது.”

ரேவதி கஸ்தூரியின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். அதன் பிறகு அவர் கேலி பேசவில்லை.

எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற தட்டை, ஹார்ட் டிஸ்க்கை, தனியாகக் கழற்றினார். மின்சாரம் கண்டபடி பாய்ந்ததில் அதன் அடியிலிருக்கும் பச்சைப் பலகையில் ஒரு சின்ன உறுப்பு கருகியிருந்தது. அதை எடுத்துவிட்டால் தட்டு சுற்றலாம், சுற்றாமலும் போகலாம் என்றார். எதற்கும் உறுதி சொல்ல மாட்டேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

தீபாவளி கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. தட்டு சுற்றுகிறது, ஆனால் சில இடங்களில் படிக்க முடியாமல் நிற்கிறது, வந்தால் நேரில் காட்டுகிறேன் என்றார். பாட்டு கிடைத்ததா என்று நான் கேட்டதற்கு, வாங்க சார் என்று மட்டும் சொன்னார்.

பெயர் மட்டும்

மறுபடியும் மூவரும் போனோம். மழை பிடித்துவிட்டிருந்தது. மாடிப்படியில் செருப்புச் சேறு.

ரேவதி திரையைத் திருப்பி வைத்தார். என் கட்டுரைகள் வந்திருந்தன. ஏரிக் கரைக் கல்வெட்டுகளின் படங்கள் வந்திருந்தன. பத்து ஊர் நூலகங்களில் உட்கார்ந்து நான் எடுத்த குறிப்புகள் அத்தனையும் வந்திருந்தன. ‘பாட்டு’ என்ற உறையும் இருந்தது. அதற்குள் தேதிகள் வரிசையாக நின்றன. ரேவதி ஒன்றைத் திறந்தார். சத்தம் இல்லை. அடுத்ததையும் திறந்தார். எல்லாவற்றையும் ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டேன் என்றும், எங்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்றுதான் மறுபடி திறப்பதாகவும் சொன்னார். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. படிக்க முடியாத இடத்தில் சரியாக அவை உட்கார்ந்திருந்தன.

கஸ்தூரி திரையருகே குனிந்து தேதிகளை மேலிருந்து கீழாகப் படித்தாள். சேகர் சுவரோடு சாய்ந்துகொண்டான். என் குறிப்புகள் அத்தனையும் பிழைத்து வந்ததற்கு அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

“போனாப் போவுது” என்றாள் கஸ்தூரி. “நந்தினிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

கிளம்ப எழுந்தோம். ரேவதி இன்னொரு உறையின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு, இதுவும் குரல் பதிவுதான், இது வேண்டுமா, அழித்துவிடட்டுமா என்று கேட்டார். ‘மழை’ என்று பெயர் போட்டிருந்தது.

அதில் ஒன்றுமில்லை என்றேன். மழை பெய்யும் நாட்களில் தாழ்வாரத்தில் நின்று, எப்போது தொடங்கியது, எப்படிப் பெய்கிறது என்று போனில் சொல்லி வைத்துப் பிற்பாடு எழுதிக்கொள்வேன். எழுதியாகிவிட்டது, அதனால் தேவையில்லை என்றேன். நல்ல வேளையாக ரேவதி நான் சொல்லி முடிப்பதற்குள் அதில் ஒன்றைத் திறந்துவிட்டார்.

என் குரல் கேட்டது. நாளும் கிழமையும் சொல்லி, தென்கிழக்கில் மேகம், பெரிய தூறல் என்று ஆரம்பித்தது. பின்னால் ஓட்டின் மேல் மழை. ஒரு பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம் அது வந்தது.

“இன்னாங்க, மழை கொட்டுது, போன்ல பேசிக்கினு நிக்கறீங்க? மாடில துணி கீது, யாரு எடுப்பாங்க? ஓடுங்க, ஓடுங்க. இன்னா கெழமைன்னு மழைக்குத் தெரியாதா?”

தெருக் கோடி வரைக்கும் கேட்கிற குரல். முழுக் குரல்.

கஸ்தூரி அப்படியே நின்றாள். பிறகு ஒரு விரலை உயர்த்தினாள். ரேவதி மறுபடியும் போட்டார். சேகர் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனான். டீ வரவில்லை, அவனும் வெகுநேரம் வரவில்லை.

உறை முழுவதும் அப்படித்தான். மழையை நான் பதிவு செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கோப்பைத் திறந்தாலும் தூரத்தில் அவள் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தத் துணி மழை, அது எந்த நாளு?” என்று கஸ்தூரி கேட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் தேதி கேட்டது அதுதான் முதல் தடவை.

சொன்னேன். ஒரு ஐப்பசி மாதம், ஆஸ்பத்திரியைப் பற்றி நாங்கள் யோசித்தே இராத காலம்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். “அப்போ அதுக்கப்பறம் ஒரு பொங்கல் வரைக்கும் எனக்குக் குரல் இருந்திருக்குது” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அதுல பாதி உங்களத் திட்டியே போயிருக்கும்” என்றாள்.

முதல் பாட்டு

தை மாதம், சேகரின் ஊரில், வாசல் பந்தலில் நலங்கு. மழைக்காலம் ஓய்ந்து வானம் துடைத்த மாதிரி இருந்தது. நந்தினியை மணையில் உட்கார வைத்து, எதிரே மாப்பிள்ளையையும் உட்கார வைத்திருந்தார்கள். மஞ்சளும் எண்ணெயும் தட்டில் தயார். பெண்கள் எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள், அத்தை தொடங்க வேண்டும் என்று.

இன்ன பாட்டு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்கூட. நந்தினி மட்டும் கேட்டிருக்கிறாள், பாட்டெல்லாம் போய்விட்டதாமே என்று. நலங்குப் பாட்டு என்றால் என்ன, புருஷனை நாலு பேருக்கு நடுவில் திட்டுவதுதானே என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

சேகரைப் பார்த்துக் கை காட்டினாள். அவன் போனை ஒலிபெருக்கியோடு இணைத்தான். இந்த முறை அவனைச் சுற்றித் தண்ணீர் எதுவும் இல்லாதபடி பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் என் குரல் நாளும் கிழமையும் சொன்னது. மாப்பிள்ளை வீட்டார் குழப்பமாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கஸ்தூரியின் குரல் பந்தலைப் பிளந்துகொண்டு கிளம்பியது. மழை கொட்டுது, மாடியில் துணி, ஓடுங்க, ஓடுங்க. ஊர்ப் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கணம் எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். நந்தினி அவனிடம் ஏதோ சொன்னாள், நம்ம வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருப்பாள். நலங்கு தொடங்கிவிட்டது.

அப்போது எதிர் வீட்டு மாடியில் காலடிச் சத்தம். அந்த ஊருக்குப் புதிதாக வாழ வந்த பெண் ஒருத்தி, அடுப்படியிலிருந்து அப்படியே ஓடிவந்தவள், கையில் மாவோடு, கொடியில் கிடந்த புடவைகளையும் சட்டைகளையும் வாரி வாரித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பளீரென்று வெயில்.

பந்தலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கஸ்தூரி எழுந்து தெருவைக் கடந்து, அந்த வீட்டு மாடிப்படியில் பாதி வரை ஏறினாள், பின்னால் நானும். அந்தப் பெண் துணிக் குவியலோடு கைப்பிடிச் சுவரில் குனிந்து காதைக் கொடுத்தாள்.

“போயித் திரும்பக் காயப் போடும்மா” என்றாள் கஸ்தூரி, தன் காற்றுக் குரலில். “அது எப்பவோ பேஞ்ச மழை.”